பூந்தமல்லியில் மலையேறுவது எப்படி?

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஆவடியில் வாடகை வீடு, பூந்தமல்லியில் மாமியார் வீடு என்று ஒரு முக்கோணத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் நம் பகுதி இளைஞர்களுக்குப் புதிதாக ஓர் ஆசை வந்திருக்கிறது. தனியாக மலையேற வேண்டுமாம். நண்பர்களோடு வேன் பிடித்து அல்ல, குடும்பத்தோடு புளிசாதம் கட்டிக்கொண்டு அல்ல, முருகனுக்கு வேண்டிக்கொண்டு காவடி தூக்கியும் அல்ல. தன்னந்தனியாக. கேட்டால் தன்னைத் தேடிப் போகிறானாம். திங்கள்கிழமை காலை ஷிப்டுக்கு வராவிட்டால் சூப்பர்வைசரே அவனைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார் என்பது வேறு விஷயம்.

ஆசை வந்தால் போதுமா, சாமான் வேண்டும். கணுக்கால் பிடிக்கும் ஷூ, முதுகுப் பை, நெற்றியில் கட்டும் விளக்கு, கோல். தாத்தா பிடித்தால் அது ஊன்றுகோல், தெருவில் பிள்ளைகள் சிரிக்கும். பேரன் பிடித்தால் டிரெக்கிங் போல், ஜோடி விலை. எல்லாம் வாங்கி முடித்தபின் முதன்முறை போகிறவர்களுக்கான அறிவுரைகளைப் படிக்கிறான். உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அறிவுரைதான்: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மலையில் தொடங்கு. போகுமிடத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. தண்ணீர் எடுத்துக்கொள். போன இடத்தில் தடயம் விடாதே.

நல்ல அறிவுரைகள். ஆனால் நம் ஆள் முதல் வரியிலேயே தடுக்கி விழுகிறான்.

வீட்டுக்குப் பக்கத்தில் என்ன மலை இருக்கிறது? அம்பத்தூர்க்காரன் தன் வாழ்நாளில் அன்றாடம் ஏறி இறங்கும் அதிகபட்ச உயரம் பாடி மேம்பாலம். அதிலும் உச்சியில் நின்று காட்சியை ரசிக்க முடியாது. பின்னால் வரும் தண்ணீர் லாரிக்காரர் நம் பரம்பரையையே ரசித்துவிடுவார். ஆவடிக்காரனுக்கு ஒரு காலத்தில் நேரு வந்த பெருமை உண்டு. 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர். பிறகு டாங்கி செய்யும் ஊர். அந்த டாங்கி எந்த மேட்டிலும் ஏறுமாம். நமக்குத்தான் ஏற மேடு இல்லை.

இல்லை என்று ஒரேயடியாகச் சொன்னால் மாநகராட்சிகள் கோபித்துக்கொள்ளும். மேடு இருக்கிறது. அம்பத்தூருக்கு அத்திப்பட்டு, ஆவடிக்குச் சேக்காடு. இரண்டும் நம் கையால் எழுப்பிய மலைகள். இமயமலை வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கிறதாம், பாவம். நம் குப்பை மேடு வளர்ந்த வேகத்துக்கு அது கிட்ட நிற்க முடியுமா? எரிமலை வேண்டுமென்றால் கொஞ்சம் தெற்கே போகலாம். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றியிருந்தவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமினார்கள். உச்சியில் பருந்து வட்டமிடும், அடிவாரத்தில் கருப்பாக ஓர் ஓடை கசியும், வழிகாட்டி நாய்கள் இலவசம். இப்போது பயோமைனிங் என்று சலித்துப் பிரித்துக் கரைக்கிறார்கள். எனவே ஏற விரும்புகிறவர்கள் சீக்கிரம் ஏறிவிடுவது நல்லது. இந்த மலையும் போய்விட்டால் மேற்கு சென்னைக்கு வேறு கதியில்லை.

நிஜமான கல்மலை வேண்டும் என்று அடம்பிடித்தால் பூந்தமல்லியிலிருந்து மாங்காட்டு வழியே குன்றத்தூருக்கு விடலாம். சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின்மேல் முருகன். படிகள் 84. மேலே ஏறி மூச்சு வாங்குவதற்குள் சாமி கும்பிட்டு, இறங்கி, செருப்பையும் எடுத்துக்கொண்டு விடலாம். ஆனாலும் அந்தக் குன்றை நான் கேலி செய்ய மாட்டேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றும் முழுசாக நின்றுகொண்டிருக்கும் குன்று அது. உச்சியில் முருகன் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டார், அதனால் நிற்கிறது. சாமி இல்லாத குன்றுகளின் கதி என்னவென்று தெரிய வேண்டுமானால், வந்த வழியில் சிக்கராயபுரத்தில் நிற்க வேண்டும்.

மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் நடுவே இருக்கும் அந்த ஊரில் மலையேற்றம் தலைகீழாக நடக்கும். மேலே ஏற முடியாது. கீழே இறங்கலாம். இருபதுக்கும் மேற்பட்ட கல்குவாரிகள், எல்லாம் தோண்டி முடித்துக் கைவிட்டவை. செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவரில் வெடிமருந்து வைக்கத் துளைபோட்ட கோடுகள் மேலிருந்து கீழாக வரிவரியாக அப்படியே இருக்கின்றன. அடியில் மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையும் நீலமுமாகப் பளபளக்கிறது. படம் எடுத்தால் வெளிநாட்டு ஏரி போல விழும். சினிமாக்காரர்களுக்கு இப்படிப்பட்ட பள்ளங்கள் என்றால் உயிர். வில்லனை உருட்டிவிட வாகான இடம்.

வில்லன் ஒருவரும் சாகவில்லை. சாகிறவர்கள் கோடை விடுமுறையில் குளிக்க வரும் பையன்கள். குவாரித் தண்ணீருக்கு ஆற்றைப்போலக் கரையில்லை. முதல் அடியில் முழங்கால், அடுத்த அடியில் பல ஆள் ஆழம். நீச்சல் தெரிந்தவனும் பிடித்து ஏற ஒரு விளிம்பில்லாமல் சுவரைச் சுரண்டிக்கொண்டே சோர்ந்து போவான். மறுநாள் பேப்பரில் நான்கு வரி, தீயணைப்புத் துறையினர் உடலை மீட்டனர் என்று. அதற்கடுத்த வாரம் எச்சரிக்கைப் பலகை. பலகை வைத்ததோடு ஓர் அரசாங்கத்தின் கடமை முடிந்துவிடுகிறது. தோண்டியவர் பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டாரா, குத்தகை முடிந்தபோது மூடினாரா, மூடாதவரிடம் யார் கேட்டார்கள் என்பதெல்லாம் பலகையில் இடமில்லாததால் எழுதப்படவில்லை.

குன்றத்தூர் சாலையில் ஒரு டீக்கடையில் நான் பக்கத்தில் நின்று கேட்ட பேச்சு இது. முதுகில் பையும் கையில் கோலுமாக வந்த பையன், டிப்பர் லாரியை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தான்.

“அண்ணே, இங்க ஏறுற மாதிரி மலை எதுனா கீதா?”

“இருந்துச்சுப்பா. நான்தான் எடுத்துக்கினு போனேன்.”

“எங்கண்ணே?”

“உன் ஊடு எங்க?”

“ஆவடி. அஞ்சாவது மாடி.”

“அப்பறம் என்ன, தெனம் அதும்மேலதான ஏறினு கீற.”

பையன் சிரித்தான். பெரியவர் சிரிக்கவில்லை. டீக்காசைக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். இந்த விவகாரத்தில் இதுவரை நான் கேட்ட ஒரே ஒப்புதல் வாக்குமூலம் அவருடையதுதான். கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை. லோடுக்குச் சம்பளம் வாங்கிய மனிதர் சொன்னார்.

எடுத்துப் போனது என்ன கல் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை வட்டாரத்துக் கருங்கல் சாதாரணக் கல்லல்ல. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறையில் பதித்திருப்பது பல்லாவரத்துப் பக்கத்துக் கல். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்வகைக்கே சார்னோகைட் என்று பெயர் வைத்தார். உலகத்தில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும், அண்டார்டிகாவில் கிடைத்தாலும், அதற்கு மாதிரி நம்ம பல்லாவரம்தான். வயது சுமார் 250 கோடி ஆண்டு. கல் நம்முடையது, பெயர் செத்த வெள்ளைக்காரருடையது என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு அந்த வருத்தமில்லை. சார்னாக்கின் தலைமாட்டில் இருப்பதால் அந்த ஒரு துண்டாவது பத்திரமாக இருக்கிறது. இங்கே இருந்திருந்தால் முக்கால் ஜல்லியாகப் போயிருக்கும்.

பரங்கிமலையில் இந்தப் பாறைக்குத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்று ஒரு பட்டம் உண்டு. 250 கோடி ஆண்டுச் சொத்தில் ஓர் ஓரத்துக்குப் பட்டம் கட்டிவிட்டு, மிச்சத்தை யூனிட் கணக்கில் விற்ற குடும்பம் நம்முடையது. அதே பரங்கிமலை அடிவாரத்தில்தான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற நில அளவையாளர் சங்கிலியை நீட்டி, பெரும்பாக்கம் குன்றுவரை அடிக்கோடு அளந்தார். அந்த அளவைதான் முக்கோணம் முக்கோணமாக வடக்கே போய், ஐம்பது வருஷத்தில் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. உலகத்தின் பெரிய மலையை அளக்க முதல் கோடு போட்ட ஊர்க்காரர்கள், சொந்த மலையை அளந்ததெல்லாம் டிப்பர் கணக்கில்தான்.

இன்னும் பழைய கணக்கும் இருக்கிறது. 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைப் பொறுக்கி எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்பதற்கு முதல் சாட்சி. அதே வருஷம் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தன. அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது 15 லட்சம் ஆண்டுவரை போகிறது என்று பின்னாளைய ஆய்வு சொல்கிறது. ஆக, மேற்கு சென்னையின் முதல் மலையேற்றக்காரனும் கல் உடைத்தவன்தான். ஆனால் அவன் லட்சக்கணக்கான வருஷம் உடைத்துவிட்டுப் போனபிறகும் மலை இருந்தது. நாம் வந்து இரண்டு தலைமுறை ஆகவில்லை, பம்மலிலும் திரிசூலத்திலும் குன்றைத் தேடப் போனவன் குழிக்குள் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புகிறான்.

தடயம் விடாதே என்கிறார்களே, அந்த விதியை இந்த நாட்டில் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள் கல்குவாரிக் குத்தகைதாரர்கள் மட்டும்தான். மலைக்குப் போனார்கள், வந்தார்கள், பிஸ்கட் உறையைக்கூடப் போட்டுவிட்டு வரவில்லை. மலையையே விட்டுவிட்டு வரவில்லை. சாக்லேட் காகிதத்தைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு குற்ற உணர்ச்சியோடு இறங்கும் சின்னப் பையன்களே, கற்றுக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளூரில் இல்லை, வெளியூருக்குப் போகலாம் என்று கிளம்பினால் அரசாங்கம் குறுக்கே வருகிறது. வரத்தான் வேண்டும். 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் பலர் சென்னையிலிருந்து ஆசையாக மலையேறப் போனவர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். உடனேயும், மருத்துவமனைகளில் ஒருவர் பின் ஒருவராகவும் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு விசாரணை, அறிக்கை, விதிகள். நம் ஊரில் விதி என்பது எப்போதும் பிணவறை வழியாகத்தான் வந்து சேரும். 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, ஆன்லைன் பதிவோடு திறந்துவிட்டது. நம் பக்கத்துக் குடியம் குகையும் அந்தப் பட்டியலில் உண்டு. அடையாள அட்டை கொடு, கட்டணம் கட்டு, வழிகாட்டியோடு போ. தீக்காலத்தில் மூடுவோம். தனியாகக் காட்டுக்குள் சுற்றுகிற வேலையெல்லாம் கூடாது.

இந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. மலையடிவாரத்து இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைக்கிறது, போகிறவன் உயிரோடு திரும்புகிறான். எனக்கு எரிகிற இடம் வேறு. மலைமேல் இரண்டு காலால் நடந்துவிட்டு வருகிறவனிடம் இத்தனை கேள்வி கேட்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, மலையைப் பத்துச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போகிறவனிடம் கேட்க ஒரு கேள்வி வாயில் வரவில்லை. அவனிடம் இருப்பது நடைச்சீட்டு ஒன்று. அந்த ஒரு சீட்டில் எத்தனை நடை போனது என்பது சோதனைச்சாவடிக்கும் சாமிக்கும் வெளிச்சம். மதுரை கிரானைட் குவாரிகளை ஆராய உயர்நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை அனுப்பியது. 2015இல் அவர் அறிக்கை கொடுத்தார். இழப்பு ஒரு லட்சம் கோடிக்கு மேல் என்று அதில் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. தோண்டிய மலை திரும்பி வராது, சரி. பணம்? அதுவும் ஏதோ மலையேற்றத்துக்குத் தனியாகப் போயிருக்கிறது போல. போகுமிடத்தை யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

தண்ணீர் எடுத்துக்கொள் என்ற அறிவுரைதான் பாக்கி. சென்னைக்காரனுக்கா சொல்கிறீர்கள்? 2017 கோடையில் ஏரிகள் வறண்டபோது, இதே சிக்கராயபுரம் குழிகளிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நமக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மலையைத் தின்றோம், தின்ற குழியில் தேங்கியதைக் குடித்தோம். அதிகாரிகள் இதை மாற்று நீராதாரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த வறட்சிக்குள் இன்னும் நாலு மலையைக் குடைந்தால் இன்னும் நாலு நீராதாரம் கிடைக்கும் என்று யாரும் கிளம்பாமல் இருந்தால் சரி.

2019இல் அதுவும் போதவில்லை. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் ஆவடி, அம்பத்தூர் தாண்டி வில்லிவாக்கத்துக்கு வந்து நின்றது. மாலை மரியாதை, கேமரா, வரவேற்பு. ஜோலார்பேட்டை என்றால் ஏலகிரிக்குப் போக இறங்கும் ஸ்டேஷன். முதன்முறை மலையேற நினைக்கும் சென்னைக்காரனுக்கு யாரும் கைகாட்டிவிடும் ஊர். வெள்ளிக்கிழமை ராத்திரி நம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போன அதே தண்டவாளத்தில், நமக்குக் குடிக்கத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அங்கே மலையடிவாரத்துப் பெண்கள் தங்களுக்கு வரவேண்டிய தண்ணீரா இது என்று கேட்டிருந்தால் நாம் என்ன பதில் சொல்லியிருப்போம்? வீக்எண்டுக்கு வருகிறோம், ரூம் புக் பண்ணிவிட்டோம் என்றா?

நியாயமாக இந்த இடத்தில் அரிட்டாபட்டியைச் சொல்ல வேண்டும். மேலூர்ப் பக்கத்துச் சின்ன ஊர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்கள். 2024 நவம்பரில் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது. ஊர்க்காரர்கள் ஷூ வாங்கவில்லை. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஆயிரக்கணக்கில் மதுரைக்குள் நடந்தே வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஏலம் ரத்து. திரிசூலத்துக்கும் பம்மலுக்கும் சிக்கராயபுரத்துக்கும் அப்படி யார் நடந்தோம்? வெடிச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தபோது, வீட்டு விலை இறங்கிவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். மலை மறைந்தபின் வந்த அடுக்குமாடிக்கு ‘மலை பார்த்த வீடு’ என்று விளம்பரம் போட்டால், சதுர அடிக்குக் கூடுதலாகவும் கொடுப்போம். எந்த மலை என்று கேட்க மாட்டோம். சுவருக்குள்தானே இருக்கிறது.

ஆகவே, வருவாய் தேடித் தவிக்கும் அரசுக்கு என்னால் ஆன ஓர் இலவச யோசனை. இருக்கிற 40 பாதைகளோடு நாற்பத்தொன்றாவதாகச் சிக்கராயபுரத்தைச் சேர்த்துவிடுங்கள். உலகிலேயே முதல் இறங்குமலைப் பாதை என்று விளம்பரப்படுத்தலாம். பூந்தமல்லிக்கு மெட்ரோ போட்டிருக்கிறீர்கள், வந்து இறங்க வசதி. கல் எரியாது, அதனால் தீக்காலத்தில் மூடும் நஷ்டமும் இல்லை. வழிகாட்டிகளாகப் பழைய குவாரித் தொழிலாளர்களையே போடலாம். கல்தூசி குடித்த நெஞ்சோடு அவர்களால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறதோ அவ்வளவுதான் சுற்றுலா. தரம் பிரிப்பதும் சுலபம். எளிது: கரையில் நின்று செல்ஃபி எடுப்பது. நடுத்தரம்: லாரி போன தடத்தில் தண்ணீர் விளிம்புவரை இறங்குவது. கடினம்: பிள்ளையின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைக் கடந்து திரும்பி வருவது.

திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று குழம்ப வேண்டாம். குத்தகை கொடுத்தவர்கள், குத்தகை எடுத்தவர்கள், இரண்டு கட்சி, மூன்று கட்சி, எல்லாரும் ஒரே மேடையில் உட்காரக்கூடிய விழா இது ஒன்றுதான். பெயர்களையெல்லாம் வரிசையாகப் பொறித்துக் கல்வெட்டும் வைக்கலாம். கல்லை மட்டும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும்.